தார் பூசிய கோடை

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா. அம்மா. அம்மாவின் தோளில், பிறந்து மூன்று மாதமான என் தம்பி. அப்பாவுடன் பிறந்த சித்தப்பா, கையில் குண்டுவீச்சுக் காவல் வார்டன் பட்டையோடு. தார் பூச வந்த ஆள், அவன் பெண்சாதி. பிறகு நான், வயது பத்து. வேறு யாரும் இல்லை. இவர்களில் இன்றைக்கு மிச்சம் நான் ஒருத்திதான். தப்பாகச் சொன்னால் திருத்த ஆளில்லையே என்ற கவலையிலேயே இதை இத்தனை வருடம் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். பெரிய படிப்புப் படித்தவளும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு சரி.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணம் பாதி காலியான கோடை அது. நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாட்டுவண்டியில் அம்மிக்கல்லை ஏற்றிக்கொண்டு போனவர்களை நான் பார்த்தேன். தையல் மிஷினை மடியில் கட்டிப்பிடித்தபடி ரிக்‌ஷாவில் போன ஒரு மாமியையும் பார்த்தேன். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு பூட்டு. சாந்தோமில் எங்கள் வீட்டுக்காரரும் கீழ்ப்பகுதியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சேலம் பக்கம் போய்விட்டார். மாடியில் நாங்கள் மட்டும்.

எங்களுக்குப் போக ஊர் என்று ஒன்று இல்லை. பறங்கியர் காலத்திலிருந்து இந்தக் கோயில் மணிச் சத்தத்திலேயே பிறந்து இந்தக் கோயில் மணிச் சத்தத்திலேயே புதைகிறோம், ஊர் எது என்று கேட்டால் எதைக் காட்டுவது என்று அப்பா சிரிப்பார். அந்தக் கோடையில் சிரிக்கவில்லை. அவர் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஆபீஸை மூடிவிட்டார்கள். வார்டன்கள் ஆபீஸில் ஓர் இடம் வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அதனால் சித்தப்பா எது சொன்னாலும் அப்பா எழுந்து நின்று கேட்டார். தம்பி பேச அண்ணன் நிற்பது எங்கள் வீட்டில் அதுவரை இல்லாத வழக்கம்.

விளக்கை மறைக்க வேண்டும் என்ற உத்தரவு நிஜம். எல்லோர் வீட்டு ஜன்னல் கண்ணாடியிலும் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். மொட்டைமாடியைக் கறுப்பாக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததா, எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களையும் பார்த்ததில்லை. சாந்தோம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்ததால் எங்கள் தெருக்களுக்கு வார்டன் சித்தப்பாதான். அவர் சொன்னார், எங்கள் தெருக்களில் செய்தார்கள்.

"நிலா வெளிச்சத்துல இந்த வெள்ளை மாடி மேலேர்ந்து எப்படித் தெரியும் தெரியுமா அண்ணா? கறுப்புத் துணியில மாவு கொட்டின மாதிரி. நேரா இங்கதான் போடுவான்" என்றார் சித்தப்பா.

தார் டின்னை இறக்கிக்கொண்டிருந்த ஆள் சொன்னான்: "இத்த பூசிட்டா மட்டும் இன்னா சாமி, கடலுன்னு நெனச்சிக்கினு வந்த வழியே பூடுவானா?"

அவன் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா சிரிக்கவில்லை. அம்மாதான் கேட்டாள்.

"இதுக்கு நேர் கீழதான் புள்ளை தூங்குற ரூம். கறுப்பாக்கினா சூடு எறங்காதா?"

"ஒரு வித்தியாசமும் இருக்காது அண்ணி. சயன்ஸ் வாத்தியார் நான் சொல்றேன்ல."

அங்கேதான் நான் சித்தப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஏனென்றால் அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் லீவில் இதே சித்தப்பா இரண்டு பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் விளக்குக் கரி தடவினார், இன்னொன்றுக்குச் சுண்ணாம்பு அடித்தார். இரண்டிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு வெகுநேரம் கழித்து என் விரலை முக்கச் சொன்னார். கறுப்பு டின்னில் விரல் சுட்டது.

"கறுப்பு வெயிலைக் குடிச்சிடும் கண்ணு. வெள்ளை துப்பிடும்" என்றார். "பூமியும் ஒரு டின்தான். சூரியன் குடுக்கறத வாங்கிக்குது, அந்தச் சூட்டைத் திரும்ப வானத்துக்கே விட்டுடுது. வரவும் செலவும் சரியா இருக்கற வரைக்கும் நாம பொழைச்சோம்."

"சரியா இல்லன்னா?"

"காத்துல ஒரு வாயு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. போர்வை மாதிரி. அது கொஞ்சம் இருக்கறதாலதான் நாம வெறைச்சுப் போகாம இருக்கோம். கரியை எரிக்க எரிக்க அந்தப் போர்வை தடிச்சிக்கிட்டே போகும், ஒருநாள் பூமியே புழுங்கும்னு சீமையில யாரோ கணக்குப் போட்டிருக்காங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப கரி எரிக்காதீங்கன்னு சொல்லிடலாமே சித்தப்பா."

"யார்கிட்ட? ரயில் இன்ஜின்கிட்டயா?" சித்தப்பா என் தலையைக் கலைத்துவிட்டார். "அதெல்லாம் நாமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு. நீ பயப்படாத."

பயப்படாதே என்று சொன்னால் பயப்படாமல் இருக்கிற ஜாதி இல்லை நான். அன்றிலிருந்து அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரி போடும்போதெல்லாம் வேண்டாம் என்று அழுதேன். கசங்கின பாவாடையோடு பள்ளிக்கூடம் போய் வாத்தியாரம்மாவிடம் குட்டு வாங்கினேன். அவ்வளவு நம்பினேன் அவரை.

ஆகவே மாடியில் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சித்தப்பா, அந்த ரெண்டு டின்னு..."

அவர் என் தோளை லேசாக அமுக்கினார். "அது டின்னு கண்ணு. இது வீடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தார் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் மாடி முழுக்கக் கறுப்பு.

நம் காலத்தில் கோடை என்றால் மொட்டைமாடிதானே. சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தால் சுண்ணாம்புத் தரை ஒரு வாசனை விடும். அதன்மேல் பாயை விரித்தால் கடல்காற்று வந்து மூடிவிட்டுப் போகும். அந்த வருடம் பாய் விரிக்க முடியவில்லை. விரித்த பாய் ஒட்டிக்கொண்டது. உச்சிவெயிலில் தார் இளகி மினுங்கும். ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டுக் காலைப் பிய்த்துக்கொண்டு பறந்ததைப் பார்த்தேன். பகலெல்லாம் குடித்த வெயிலை மாடி இரவெல்லாம் எங்கள்மேல் கொட்டியது. போதாததற்குக் கடல் பக்கத்து ஜன்னல்களைச் சித்தப்பா ஆணி அடித்து மூடச் சொல்லியிருந்தார். காற்றில் கதவு திறந்து வெளிச்சம் தெரிந்தால் அவர் பொறுப்பாம். மேலே வாங்குவது அதிகமாகிவிட்டது, வெளியே போகிற வழியும் அடைந்துவிட்டது. அந்த வயதில் எனக்கு இப்படிச் சொல்லத் தெரியாது. சுவரில் கை வைத்தால் ஜுரக்காரன் நெற்றி மாதிரி இருந்தது, அது தெரியும்.

தம்பிக்கு வேர்க்குரு என்று ஆரம்பித்தது. கழுத்து, முதுகு, தொடை என்று சிவந்து, பிறகு உடம்பே சிவப்பு, அனலாய் ஜுரம். அம்மா ஈரத்துணியைப் போர்த்துவாள், அது காய்ந்துவிடும். தரையைத் துடைத்துவிட்டு அந்த ஈரத்தில் கிடத்துவாள், அதுவும் காய்ந்துவிடும். பால் குடிக்க வாயை வைப்பான், விட்டுவிடுவான். அழுது அழுது பிறகு சத்தமே வராமல் வாய் மட்டும் திறக்கும். எனக்கு அழுகைச் சத்தத்தைவிட அதுதான் பயம்.

மீன்காரம்மா கூடையோடு மாடி ஏறி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா இது, ஊடா அடுப்பா? எம் மீனு கூடைலயே வெந்துடும் போலகீதே."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டுத் தம்பியைக் கையில் வாங்கினாள். அதற்குப் பிறகு அவளும் பகடி பேசவில்லை.

டாக்டர், குழந்தையைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மா அன்று மத்தியானம் அப்பாவிடம் சொன்னாள்: "உங்க தம்பிகிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாங்க. மழை வர்ற வரைக்கும் நானும் புள்ளையும் அவங்க வீட்டுல இருந்துக்கறோம். இல்லன்னா இந்த மாடியத் திருப்பி வெள்ளையடிக்க விடச் சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தியாகராய நகருக்குக் கிளம்பினார். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓட்டுவதற்காகப் பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்களே, அந்தப் பஸ். கண்டக்டர் நடுவழியில் இறங்கி அடுப்பைக் கிளறுவான், முகமெல்லாம் கரி. நான் அப்பாவின் வேட்டியை மூக்கில் வைத்துக்கொண்டு, போர்வை தடிக்கிறது, போர்வை தடிக்கிறது என்று எண்ணிக்கொண்டே போனேன்.

சித்தப்பா வீடு பனகல் பார்க்குக்குப் பின்னால், புதிதாகக் கட்டினது. அப்பாவும் சித்தப்பாவும் முன்னறையில் பேசப் போனார்கள். சித்தி எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "மாடியில வடாம் காயுது, காக்கா கொத்துதான்னு பாத்துட்டு வா கண்ணு" என்றாள்.

நல்ல உச்சிவெயில். எங்கள் மாடிப் பழக்கத்தில் விரல்களை மடக்கி, குதிகாலால் ஏறினேன். கதவைத் திறந்ததும் கண் கூசியது. வெள்ளை. பளீரென்று சுண்ணாம்பு வெள்ளை, கைப்பிடிச் சுவர் வரைக்கும். குதிக்கத் தயாராகத்தான் காலை வைத்தேன். குதிக்க வேண்டியிருக்கவில்லை. ஆறின சோற்றுத் தட்டு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். காக்கை வடாமைக் கொத்திக்கொண்டிருந்தது, நான் விரட்டவில்லை.

என்னைக் காணோம் என்று அப்பா ஏறி வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். அவரும் நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். பின்னாலேயே சித்தப்பா.

"புதுசா அடிச்சியாப்பா?" என்று அப்பா கேட்டார், கையை எடுக்காமலே.

"ஈஸ்டருக்கு அடிச்சது."

"இங்க தார் பூசலையா?"

"இந்தத் தெரு வேற வார்டு அண்ணா. இங்க வார்டன் நான் இல்லையே."

மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். வெட்கம் இல்லை, கோபம் இல்லை. அதற்கு மேல் அப்பா என்ன கேட்பார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். சித்தப்பாதான் மேலே பேசினார். மாமனார் மாமியார் வரப்போகிறார்களாம், வீட்டில் இடம் இருக்காதாம். அந்த வேலை விஷயமாக அடுத்த வாரம் ஆளைப் பார்க்கப்போகிறாராம். அப்பா எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "சரிப்பா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம், "அம்மாகிட்ட மாடியப் பத்தி ஒண்ணும் சொல்லாதம்மா. வீணா மனசு கஷ்டப்படுவா" என்றார்.

வாசற்படி ஏறினதும் சொல்லிவிட்டேன். தைரியம் ஒன்றும் இல்லை. எதையும் உள்ளே வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, வைத்தால் வயிற்று வலி வந்துவிடும். டின் சமாசாரத்தையும் சேர்த்தே சொன்னேன். அம்மா தம்பியின் ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி போர்த்திக்கொண்டே கேட்டாள். "கால் சுடவே இல்லையா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

மறுநாள் அப்பா வெளியே போனதும் மீன்காரம்மா வந்தாள். கூடையில் மீன் இல்லை, சுண்ணாம்புக்காகக் குப்பத்தில் சுட்ட கிளிஞ்சல். அம்மா அதை உடைந்த தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று பொங்கிக் கொதித்தது. தாரின்மேல் சுண்ணாம்பு நிற்காது என்று முதலில் கடற்கரை மணலைக் கொண்டுவந்து தூவினோம். மணல் ஒட்டிக்கொண்டது. அதன்மேல் அம்மா சுண்ணாம்பைத் தென்னை மட்டையால் அடித்துக்கொண்டே போனாள், நான் வாளியை இழுத்துக்கொண்டே பின்னால். கையெல்லாம் வெந்தது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மீன்காரம்மா தம்பியைப் படிக்கட்டு நிழலில் மடியில் போட்டுக்கொண்டு, "அடி அடி, ஜப்பான்காரன் வந்தா எம் பேரச் சொல்லு. கருவாடு குடுத்து அனுப்பறேன்" என்றாள்.

அன்று முழுக் குளிர்ச்சி ஒன்றும் வந்துவிடவில்லை. அடுத்த நாள் மத்தியானம்தான் தெரிந்தது. தம்பி பால் குடித்தான். குடித்துவிட்டுத் தூங்கினான். இவ்வளவு அமைதியாகத் தூங்கிப் பழக்கமில்லாததால் அம்மா அடிக்கடி போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அவள் வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். அப்பா எங்கள் கையிலிருந்த சுண்ணாம்புப் புண்ணைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வாரக் கடைசியில் சித்தப்பா வந்தார். நேரே மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தெருவே கறுத்துக் கிடக்கறப்ப வார்டனோட அண்ணன் வீடு மட்டும் பளிச்சுன்னு இருந்தா என் மானம் என்ன ஆகும் அண்ணி?"

"உங்க வீடும் பளிச்சுன்னுதான் இருக்குதாமே" என்றாள் அம்மா.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"புள்ளைக்கு ஜுரம் வந்தா அதுக்கு மாடியா காரணம்? மெட்ராஸ்ல எந்த மே மாசம் குளிர்ச்சியா இருந்துது, சொல்லுங்க? புள்ளைங்களுக்கு ஜுரம் வராத கோடை எது?"

"அப்ப அந்த ரெண்டு டின்னுலயும் தண்ணி ஒரே சூடுதானா?"

"நான் பேசறத அண்ணன்கிட்ட பேசிக்கறேன்" என்று சித்தப்பா அப்பாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழே தெருமுனையில் இருவரும் நின்று பேசியது ஆணியடித்த ஜன்னலின் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. சித்தப்பா பேசினார். அப்பா தலையாட்டினார்.

தம்பி அந்த ஜூனில் போய்விட்டான். மழை அடுத்த வாரம் வந்தது. மாடியால்தான் போனான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் கோடையில் மாடி கறுப்பாகாத வீடுகளிலும் குழந்தைகள் போயின. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சித்தப்பா கடைசி வரைக்கும் நிம்மதியாக இருந்தார். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது அம்மா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை; அடுப்படிக்கு ஆள் வேண்டியிருந்தது. என் படிப்பு நின்றது அப்படித்தான்.

இப்போது டிவியில் தினமும் சொல்கிறார்கள். கரியும் பெட்ரோலும் எரித்து எரித்துக் காற்றில் அந்த வாயு ஏறிவிட்டதாம், வெப்பம் வெளியே போக முடியாமல் பூமி சூடேறுகிறதாம். ஏப்ரலிலேயே மத்தியானம் தெருவில் நடக்க முடியவில்லை. எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. படித்தவர்களுக்கு இது வெகுகாலத்துக்கு முன்பே தெரியுமாம், தெரிந்துமா இப்படி விட்டார்கள் என்று அன்றைக்கு ஒரு பெண் டிவியில் ஆச்சரியப்பட்டுக் கேட்டது. எனக்கு ஆச்சரியம் வரவில்லை. தெரியாதவர்கள்மேல் எனக்கு எப்போதுமே கோபம் இருந்ததில்லை. தார் பூசிய அந்த ஆள்மேலும் இல்லை. டின்னில் என் விரலை முக்கிக் காட்டினவர்மேல்தான்.

அப்படித்தான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. சித்தப்பா வந்து பேசிவிட்டுப் போனதற்கு மறுநாள் காலையை விட்டுவிட்டு நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை தம்பிக்காக ஜெபம் சொல்லிவர அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு என்னோடு கோயிலுக்குப் போனாள். முதல் பூசை முடிந்தும் வெயில் ஏறும்வரை கோயில் குளிர்ச்சியிலேயே இருந்தோம். திரும்பி வரும்போது படிக்கட்டின் அடியிலேயே தார் வாசனை. சித்தப்பா ஆள் அனுப்பிவிட்டார் என்று அம்மா வேகமாக ஏறினாள். படிகளில் கறுப்புக் காலடிகள், மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. ஒரே ஆளின் காலடி. தெரு வரைக்கும் போகவில்லை. எங்கள் வீட்டு வாசலில் திரும்பி உள்ளே போயிருந்தன.

அப்பா குளிக்கிற இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் உடம்புக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலில் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத் தாரை எடுத்துக்கொண்டிருந்தார். பாதிப் புட்டிக்குக் கீழே போய்விட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வார்டன் ஆபீஸ்ல திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

தம்பி அம்மாவின் தோளில் விழித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தான். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, மிச்ச எண்ணெய் புள்ளைக்கு வேணும்."

அப்பா இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். நான் நடுவில் போய் நின்று சொன்னேன்: "அப்பா, மிச்ச எண்ணெய் தம்பிக்கு வேணுமாம்."